தேங்காய்க்குக் கட்டிய பட்டை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு என்ன கேடு வந்ததென்று எனக்கு விளங்கவில்லை. பயம் தானாக வந்தால் ஓடுகிறார்கள். வராவிட்டால் சாயங்காலம் ஏழு மணிக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து வரவழைக்கிறார்கள். எங்கள் அப்பார்ட்மெண்டில் முன்பெல்லாம் லிப்டில் ஏறினால் "சாப்டாச்சுங்களா" என்று கேட்பார்கள். இப்போது "உங்களுக்கு எத்தனையில முடிஞ்சுதுங்?" என்கிறார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் அளவு கேட்டுக்கொள்கிற மாதிரி. கீழ்வீட்டு நாச்சிமுத்து வாத்தியார் "ஒம்பதுலயே முடிஞ்சுது, நமக்கு நெஞ்சு உறுதி" என்று மார்பைத் தட்டிக் காட்டினார். மூன்றாம் மாடி டாக்டரம்மாவுக்குப் பதினொன்று. ஊருக்கே ஊசி போடுகிறவள்!

எங்கள் வீட்டில் டிவித் தொடர் முப்பத்தொன்றாம் நாளாக ஓடிக்கொண்டிருந்தது. முடிகிற வழியாக இல்லை.

தொடரின் பெயர் 'ஈரத் தொட்டில்'. குழந்தையைப் பறிகொடுத்த ஒரு பெண், மலைமேல் ஒரு பங்களா, அவள் புருஷன், ஒரு தொட்டில். அவ்வளவுதான் கதை. என் மகள் தாரணிதான் வாங்கிப் போட்டாள். ஆஸ்பத்திரி லேப்பில் வேலை அவளுக்கு. மாப்பிள்ளை கப்பலில் இருப்பதால் எங்களோடுதான் இருக்கிறாள். வாங்கிய அன்றைக்கு அவள் கையில் கறுப்பாக ஒரு பட்டை இருந்தது.

"எல்லா வீட்டுக்கும் ஒரே கதை இல்லப்பா," என்றாள். "இந்தப் பட்டையக் கையில கட்டிக்கோணும். இது நாடி பாக்கும். எதுக்கு நெஞ்சு அடிச்சுக்குதோ அதையக் கதையில இன்னுங் கொஞ்சம் கூட்டும். எதுக்கு அசையலியோ அதைய விட்ரும். என்னைக்கு நெஞ்சு அடங்குதோ அன்னைக்குக் கதை முடிஞ்சுது."

"அடங்கலீனா?"

"அப்படி யாருக்கும் ஆனதில்லியாம்."

"ஆனதில்லியாமா! தேங்காய வெச்சுத் தண்ணி பாக்கறவனும் இப்படித்தான் சொல்லுவான்."

நான் முப்பத்தெட்டு வருஷம் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் இருந்தவன். வண்டிக்குப் பின்னால் நின்று துளை போடுகிற ஆள். படிப்பு ஐந்தாவது. அதிலும் பாதி நாள் போகவில்லை. எந்தக் காட்டுக்குப் போனாலும் அங்கே எனக்கு முன்னால் ஒருத்தன் வந்து, உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடந்திருப்பான். தேங்காய் எழுந்து நின்றதாம், அங்கே தண்ணீராம். எழுநூறு அடி போட்டுப் புழுதியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வருவேன். அன்றிலிருந்து எவனையும் நம்புவதில்லை, எந்த எந்திரத்தையும் நம்புவதில்லை.

"நான் கட்ட மாட்டேன்," என்றேன்.

"எனக்குக் கட்டு சாமி," என்றாள் என் சம்சாரம் மயிலாத்தாள். "வளையலோட வளையலா இருந்துட்டுப் போகுது."

பட்டை அவளுக்கு. ரிமோட் எனக்கு. அது எப்போதுமே எனக்குத்தான். ரிக் லீவரை முப்பத்தெட்டு வருஷத்தில் ஒருநாள்கூட நான் அடுத்தவன் கையில் கொடுத்ததில்லை. ஒரு நிமிஷம் கண் அசந்தால் ராடு முறிந்து துளைக்குள்ளே போய்விடும். அந்தப் பழக்கம். டிவி ஓடி முடிகிறவரை கட்டைவிரலை பட்டன்மேல் வைத்தபடிதான் உட்கார்ந்திருப்பேன். தூங்கினாலும் பிடி விடாது என்பாள் மயிலாத்தாள்.

முதல் பத்து நாள் நான் சிரித்துக்கொண்டுதான் பார்த்தேன். பேய்க்கதை என்றார்கள். பேய் வருவதாக இல்லை. ஒருநாள் பூராவும் அந்தப் பெண் ஒரு குட்டிச் சட்டையை மடித்தாள். மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். இன்னொரு நாள் காலிங் பெல் அடித்தது. பயங்கரமான மேளச்சத்தம். போய்த் திறந்தால் பால்காரன்.

"இந்தாளுதான் பேயாட்ட இருக்குது," என்றேன்.

"சும்மா இருங்க. சிரிச்சா அதுக்குக் கோவம் வந்துரும்," என்றாள் மயிலாத்தாள்.

"எதுக்கு? டிவிக்கா?"

பன்னிரண்டாம் நாள் அந்தப் புருஷன்காரன் வீட்டுக்குள் வந்தான். கையெல்லாம் மண். அந்தப் பெண் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "எங்க வெச்சீங்க?"

"தோட்டத்துல," என்றான்.

மறுநாள் மறுபடி கேட்டாள். "மலைமேல," என்றான். அதற்கு மறுநாள் "மரத்தடியில," என்றான். அன்றிலிருந்து கதையில் மரம்தான். மரம் காற்றில் ஆடும், இலை கொட்டும், அதற்கு அரைமணி நேரம்.

"அந்தாளு பொய் சொல்றாருங்க," என்றாள் மயிலாத்தாள். தட்டில் இட்லி அப்படியே இருந்தது.

"கதைதானே. தின்னு."

"புள்ளையப் பெத்தவகிட்டப் போயி எதுக்குங்க பொய் சொல்லோணும்?"

நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். ஏன் என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குத் தாரணிக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை. அம்சவேணி என்று பெயர். ஐந்து மாதம் இருந்தாள். காய்ச்சலில் போய்விட்டாள். நான் அப்போது ஆந்திராவில் துளை போட்டுக்கொண்டிருந்தேன். லாரி பிடித்து வந்து சேரும்போது மத்தியானம். எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான். சடங்கு கிடையாது, பெண்கள் வரவும் கூடாது. அப்பன்காரன் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வரவேண்டும். என்னோடு வந்தது வண்டி கிளீனர் ஒருத்தன் மட்டும். அவனும் இப்போது இல்லை.

அன்றைக்குப் பேய்மழை. இடுகாட்டுக்கு வாரியை, மழைத்தண்ணீர் ஓடுகிற பள்ளத்தை, தாண்டிப் போகவேண்டும். வாரியில் இடுப்பளவு வெள்ளம். குழந்தையோடு அதில் இறங்க எனக்குத் தைரியம் வரவில்லை. இந்தப் பக்கமே, எங்கள் போர் வண்டிகள் நிற்கிற ஷெட்டுக்குப் பின்னால், கடப்பாரையால் குழி தோண்டி வைத்துவிட்டு வந்துவிட்டேன். டீசல் வாடை அடிக்கிற இடம்.

வீட்டுக்கு வந்ததும் மயிலாத்தாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வெய்யில் படாத எடமாங்க?"

நான் என்ன சொல்வேன்? ஏரிக்கரையில் ஒரு புங்கமரம் உண்டு. வருகிற வழியில் பார்த்த மரம். "ஏரிக்கரைப் புங்கமரத்தடியில," என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வாய் பொய். நாற்பத்திரண்டு வருஷமாக அவள் அந்த மரத்தைக் கும்பிடுகிறாள். பஸ் ஏரிக்கரையில் போகும்போது ஜன்னலோரம் மாறி உட்கார்ந்து கும்பிடுவாள். தாரணிக்கும் சொல்லிக் கொடுத்தாள். "அக்காளக் கும்புட்டுக்கோ சாமி." ரோடு அகலப்படுத்த வந்தபோது கரையில் இருந்த மரமெல்லாம் போனது. அந்தப் புங்கமரம் மட்டும் நிற்கிறது. ஜேசிபிக்கு முன்னால் இவள் படுத்துக்கொண்டாள், அதனால். ரெண்டு நாள். ரோட்டைக் கொஞ்சம் வளைத்துப் போட்டார்கள். நானும் போயிருந்தேன். அவளுக்கு டீ வாங்கிக் கொடுக்க.

இனி இதை எப்படிச் சொல்வது? டிவியில் அந்தப் பெண் தினமும் கேட்கிறாள். இவள் தினமும் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. தாரணி ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "போதும்மா, நிறுத்திரலாம்," என்றாள்.

"அவளுக்குப் பதில் கெடைக்கட்டும். நான் எந்திரிச்சுக்கறேன்," என்றாள் மயிலாத்தாள்.

முப்பத்திரண்டாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. இவள் நெஞ்சைத்தானே இந்தக் கழுதை படித்துப் படித்துக் கதை விடுகிறது? படிக்க முடியாமல் செய்துவிட்டால் போயிற்று. இது பித்தலாட்டம் என்றும் ருசுவாகிவிடும். "பட்டைக்கு சார்ஜ் போடோணும்" என்று சொல்லி அவள் கையிலிருந்து கழற்றினேன். சமையலறையில் ஒரு தேங்காய் எடுத்து, அதற்கு இறுக்கிக் கட்டி, சோபாவுக்குப் பின்னால் வைத்தேன். தேங்காய்க்கு நெஞ்சு கிடையாது. தேங்காய்க்குப் புருஷனும் கிடையாது. பார்க்கலாம் உன் சாமர்த்தியத்தை என்று ரிமோட்டோடு உட்கார்ந்தேன்.

அன்றைக்குக் கதையில் மழை பெய்தது.

புருஷன்காரன் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். எதிரே ஓடை, வெள்ளம். கரையில் நின்றான். கேமரா அவன் காலையே காட்டிக்கொண்டிருந்தது. கால் ஒரு அடி முன்னால் போனது. பின்னால் வந்தது. பிறகு மெதுவாகத் திரும்பினான். திரும்பிய பக்கம் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஏதோ பெரிய வண்டி.

என் கை வேர்த்து ரிமோட் வழுக்கியது. நல்லவேளை, அப்போது வேலை முடிந்து தாரணி உள்ளே வந்தாள். நான் எழுந்து நின்று கையைத் தட்டினேன். சத்தமாகப் பேசினால் நெஞ்சுச் சத்தம் கேட்காது இல்லையா?

"வா, வந்து பாரு உன்ற எந்திரத்தோட லட்சணத்தை! பட்டை யாரு கையில இருக்குது தெரியுமா?" சோபாவுக்குப் பின்னால் இருந்து தேங்காயை எடுத்து மேசைமேல் வைத்தேன். "இன்னைக்கு பூரா தேங்காய்க்குப் பயங்காட்டிட்டு இருந்துருக்குது!"

தாரணி சிரித்துவிட்டாள். "அப்பா, உங்கள என்ன பண்றது?" என்றபடி போனை எடுத்து ஏதோ தடவினாள். தடவத் தடவச் சிரிப்பு போய்விட்டது.

"பட்டையில இன்னைக்கு ஒண்ணுமே பதிவாகல. சரிதான், தேங்காய். ஆனா நாடி வந்துருக்குதே... நூத்திப் பதினெட்டு."

"தேங்காய்க்கா?"

"இல்லப்பா." அவள் என் கையைப் பார்த்தாள். "ரிமோட். பட்டன்மேல வெரல் வெச்சா அதும் நாடி பாக்கும்னு போட்டுருக்குது. மொத நாள்ல இருந்து ரெண்டு பேரையும் பாத்துருக்குது. அம்மாளோடது..." மறுபடி போனைப் பார்த்தாள். "அம்மாளுக்கு எட்டாவது நாளே அடங்கிருச்சு. அம்மா மட்டும் பாத்துருந்தா எட்டுலயே முடிஞ்சுருக்கும். முடியாம இழுக்கறது உங்க நெஞ்சுப்பா."

"பித்தலாட்டம்! மழையும் வாரியும் இந்த டப்பாக்கு எப்படித் தெரியும்?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். கதையில் வந்தது ஓடை. வாரி என்று யாரும் சொல்லவில்லை.

தாரணி கவனிக்கவில்லை. "அதுக்கு ஒண்ணுந் தெரியாதுப்பா. தட்டிப் பாக்குது, அவ்வளவுதான். வெய்யில் காட்டும், நீங்க அசைய மாட்டீங்க. மழை காட்டும், நாடி தூக்கும். சரி, மழைதான்னு அதுலயே எறங்கும். அடுத்து வீடு காட்டும், காடு காட்டும், ஓடை காட்டும். நீங்க போர் போடறப்ப மேல வர்ற சேத்தைப் பாத்து அடியில என்ன பாறைன்னு சொல்லுவீங்களே, அதேதான்."

இந்தப் பெண்ணைப் படிக்க வைத்தது தப்பு.

மயிலாத்தாள் சோபா நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். டிவியை அணைக்கச் சொல்லிக் கை காட்டினாள். அணைத்தேன்.

"நான் எங்கீங்க கதையப் பாத்தேன்?" என்றாள். "பன்னெண்டாம் நாள்ல இருந்து உங்களைத்தான் பாத்துட்டு இருக்கறேன். அந்தப் பொண்ணு எங்கன்னு கேக்கறப்பெல்லாம் உங்க கையி நடுங்குது. நாப்பத்தஞ்சு வருசத்துல இந்தக் கையி நடுங்கி நான் பாத்ததில்ல. இப்ப நான் கேக்கறேன். எங்கீங்க வெச்சீங்க?"

எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. சொல்லிவிட்டேன். மழை, வாரி, ஷெட், கடப்பாரை. சொல்லி முடிக்க மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. இதையா நாற்பத்திரண்டு வருஷம் சுமந்தோம் என்று இருந்தது.

மயிலாத்தாள் மேசைமேல் இருந்த தேங்காயைத் தன் பக்கம் உருட்டினாள்.

"அப்ப அந்தப் புங்கமரம்?"

"அது சும்மா மரம்."

"நான் ஜேசிபிக்கு முன்னால படுத்தனே?"

"ஆமா."

"ரெண்டு நாளு!"

"ஆமா."

"நீங்க டீ வாங்கிட்டு வந்து குடுத்தீங்களே!"

"சூடாத்தான் வாங்கிட்டு வந்தேன்."

தேங்காயைத் தூக்கினாள். என் தலைக்குத்தான் வருகிறது என்று நினைத்தேன். தாரணியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், குறுக்கே வந்தாள். ஆனால் மயிலாத்தாள் தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். குழந்தை போனபோது அழுதாளே, அதே மாதிரி, வாயைத் துணியால் மூடிக்கொண்டு. நான் என்ன செய்வதென்று தெரியாமல் ரிமோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தாரணி வந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள். அதன்பிறகு என் கைக்கு ஒரு வேலையும் இல்லை. போய் மயிலாத்தாள் தோளில் வைத்தேன். தட்டிவிடுவாள் என்று நினைத்தேன். தட்டிவிடவில்லை.

காலையில் ஒரு பாக்கெட் பாலோடு கிளம்பி நின்றாள்.

"போலாங்க."

"எங்க?"

"எங்கன்னு உங்களுக்குத்தான தெரியும்?"

ஷெட் இப்போது இல்லை. முதலில் மில் வந்தது, பிறகு ஓட்டல் வந்தது, இப்போது பைபாஸில் கார்களுக்குக் கரண்ட் ஏற்றுகிற இடம். வரிசையாக எட்டுக் கம்பம், ஓரமாக ஒரு டீக்கடை. மயிலாத்தாள் அந்தக் கடையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பத்து நாளைக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்து நான் டீ குடிக்கிற கடை. ஊரில் டீக்கடையே இல்லையா என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். ஒருமுறை என்னோடு வந்து குடித்துவிட்டுக் கழுநீர் என்று துப்பினாள். அதற்குப் பிறகும் நான் வருவதை நிறுத்தவில்லை. இப்போது அவள் கேட்கவே இல்லை.

"எந்தக் கம்பங்க?"

"மூணாவது."

மூன்றாவதில் ஒரு சிவப்புக் கார் நின்றது. உள்ளே ஓட்டுகிறவன் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். நாங்கள் ரெண்டு பேரும் தள்ளி நின்று காத்திருந்தோம். இருபது நிமிஷம் கழித்து அவன் விழித்துக் கிளம்பினான். மயிலாத்தாள் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கம்பத்தின் அடியில் ஊற்ற ஆரம்பித்தாள்.

"ஐயோ ஆத்தா! என்ன பண்றீங்க? கரண்டுங்க அது!" யூனிபாரம் போட்ட பெண் ஒருத்தி ஓடி வந்தாள். சட்டையில் கனிஷ்கா என்று எழுதியிருந்ததைத் தாரணி இருந்திருந்தால் ஒரே மூச்சில் படித்திருப்பாள். எனக்குக் கூட்டிப் படிக்க நேரமானது.

"அடியில என்ற புள்ள இருக்குது கண்ணு," என்றாள் மயிலாத்தாள். "அஞ்சு மாசக் கொழந்த. இன்னும் பாலே ஊத்தல."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனை எடுத்துப் படம் பிடிக்கும் என்றுதான் நினைத்தேன். இவள் உள்ளே போனாள். ஒரு போர்டை எடுத்து வந்து மூன்றாம் கம்பத்தில் மாட்டினாள். 'வேலை செய்யவில்லை.' கம்பத்தில் மினுக்கிக்கொண்டிருந்த பச்சை விளக்கும் அணைந்தது.

"அரை மணி நேரம் யாரும் வர மாட்டாங்க. பொறுமையா ஊத்துங்க ஆத்தா," என்று சொல்லிவிட்டு, அவளே கொஞ்ச நேரம் நின்றாள்.

பிறகு டீக்கடையில் மயிலாத்தாள் ஒரு டம்ளர் டீயை முழுசாகக் குடித்தாள். "கழுநீர்தான்," என்றாள். இன்னொரு டீ வாங்கச் சொன்னாள்.

திரும்பும்போது பஸ் ஏரிக்கரையில் வளைந்தது. இவளுக்காக வளைத்த வளைவு. மயிலாத்தாள் ஜன்னலோரம் நகர்ந்து கும்பிட்டாள்.

"அது சும்மா மரம்னு சொன்னனே," என்றேன்.

"தெரியுங்க. பாவம், அது என்னை நம்பித்தான நிக்குது?"

சாயங்காலம் ஏழு மணிக்கு உட்கார்ந்தோம். பட்டை மயிலாத்தாள் கையில். ரிமோட்டை நான் தொடவே இல்லை, தாரணி மடியில் கிடந்தது. கதையில் அந்தப் பெண் தொட்டில் துணியை அவிழ்த்துத் துவைத்துக் கொடியில் போட்டாள். புருஷனுக்கு ஒரு டம்ளர் டீ வைத்தாள். எதுவும் கேட்கவில்லை. துணியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். சொட்டு நின்றது. 'முற்றும்' என்று வந்தது.

"பாத்தீங்களா?" என்றாள் தாரணி. "சொன்னனா இல்லியா? உங்க நெஞ்சு அடங்கிருச்சு, கதை முடிஞ்சுருச்சு."

"நெல்லா நாயம் பேசற. இன்னைக்கு ரிமோட் யாருகிட்ட இருந்துது?"

"எங்கிட்ட."

"பட்டை?"

"அம்மாகிட்ட."

"உங்கொம்மாளுக்குத்தான் எட்டாவது நாளே அடங்கிருச்சுன்னியே. அப்பறம் என்ற நெஞ்சு அடங்குனது அதுக்கு எப்படித் தெரியும்? காத்து வந்து சொல்லுச்சா?"

தாரணி வாயைத் திறந்தாள். போனைத் தடவினாள். மறுபடி திறந்தாள். படித்தவள் திணறுவதைப் பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும்.

"இன்னைக்கு அம்மாளோட நாடிய மட்டும் பாத்துத்தான் இது முடிஞ்சுருக்கோணும்ப்பா," என்றாள் கடைசியில், மெதுவாக. "ஒருவேளை... இத்தனை நாளும் அம்மா அடங்குன மாதிரி மேலுக்குத்தான் காட்டிட்டு இருந்துதோ, இன்னைக்குத்தான் நெசமா அடங்குச்சோ என்னவோ."

மயிலாத்தாள் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். எங்கள் ரெண்டு பேரையும் பார்க்காமல் எழுந்து சமையலறைக்குப் போனாள். தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. ஒரே தட்டு.

டிவியில் அடுத்த தொடர் பார்க்கிறீர்களா என்று எழுத்து வந்து நின்றது. நான் செருப்பை மாட்டினேன்.

"எங்கீங்க கெளம்பிட்டீங்க?" என்று உள்ளேயிருந்து குரல்.

"டீ குடிக்க."

"சட்னி அரைச்சுட்டு நானும் வர்றேன், கீழ நில்லுங்க."

லிப்டில் நாச்சிமுத்து வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். "கடைசியா முடிஞ்சுதாட்ட இருக்குதுங்? எத்தனையில?" என்றார்.

"முடியறதுக்கு அது என்ன போர்க்குழியா?" என்றேன். "எல்லாம் பித்தலாட்டம் வாத்தியாரே. தேங்காயக் கட்டுனாலும் ஓடுது, ஆளே இல்லீனாலும் நிக்குது. நான் நம்பல."

லிப்டை விட்டுவிட்டுப் படியில் இறங்கினேன்.